மதகின்மேல் வைத்த உப்பு

காலை பத்து நாற்பதுக்கு என் மகள் என்னைப் பார்த்து, "சார், செஞ்சிக்குப் போற பஸ் இங்க நிக்குங்களா?" என்று கேட்டாள்.

நேரம் சரியாக நினைவிருக்கிறது. அவள் ஒவ்வொரு முறை வந்து நிற்கும்போதும் நேரம் பார்த்து வைப்பது அன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலைகளில் ஒன்று. பனமலையிலிருந்து அனந்தபுரம் வரும் சாலையில், ஒரு புளியமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி, மதகின்மேல் வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, எலுமிச்சைத் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். வளைவில் அவள் தெரிந்தாள். சாலையின் வெள்ளைக் கோட்டை விட்டு விலகி விலகி வந்தாள். கிட்டே வந்து நின்று, என் முகத்தை மரியாதையாகப் பார்த்துப் பஸ்ஸைக் கேட்டாள்.

நான் சிரித்தேன். முதலில் நான் செய்தது அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அவளும் என் பள்ளியில்தான் படித்தாள். பள்ளி கேட்டுக்கு உள்ளே நான் 'சார்', வெளியே 'நைனா'. சைக்கிள் கொட்டகையைத் தாண்டியதும் தானாக மாறிவிடும். பிறகு கல்லூரி, பெங்களூரில் வேலை என்று போனதில் அந்த 'சார்' மறந்தே போயிருந்தது. சென்ற ஆண்டு அவள் அந்த வேலையை விட்டுவிட்டு, துணிப்பையைவிட ஷூப்பை பெரிதாக, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். நூறு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றுக்குத் தயாராகப் போகிறாளாம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாதி நாள் வேலை பார்த்துக்கொள்வாளாம். நான் நாலு வார்த்தை சொன்னேன். ஐந்தாவது வார்த்தைக்கு அவள் நிற்கவில்லை. அதன்பின் பல மாதங்கள், ஒரே வீட்டில், எங்கள் பேச்சு முழுக்க என் மனைவி வழியாகத்தான் நடந்தது.

"அம்மா, சார்கிட்ட சொல்லு, கேஸ் வந்துடுச்சாம்."

"அம்மா, சார் செருப்ப ரோட்டுல வுட்டுட்டாரு. நாய் தூக்கினு போவப் போவுது."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா போஸ்ட் ஆபீசா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கத்துவாள்.

ஆகவே அன்று மதகடியில் 'சார்' என்றதும், பழைய கிண்டலை மறுபடி எடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்போடு கொஞ்சம் வலித்தது என்றும் சொல்ல வேண்டும். இப்போதுதானே எல்லாம் சரியாகியிருந்தது, இனி எதற்கு இது என்று தோன்றியது. "பஸ் வராது. ஓடித்தான் போவணும்," என்று நானும் பதிலுக்குச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப எக்ஸாமுக்கு லேட்டாயிடும் சார்," என்றாள். அவள் கண்ணில் பயம் இருந்தது.

எங்களுக்குள் சரியானது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் அவள் கோட்டைப் பக்கம் ஓடிவிட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்க்கக்கூட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். மனைவி வீட்டில் இல்லை. போஸ்ட் ஆபீஸ் மூடியிருந்த நேரம். நான் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ் நைனா," என்றாள். மறுநாள் காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பின்னால் போகத் தொடங்கியபிறகுதான் அது என்ன ஓட்டம் என்று கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது. வேகம் முக்கியமில்லையாம். நாங்கள் பேசிக்கொண்டு நடப்பதைவிடச் சற்றே விரைவு, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தக் கூடாது. மேட்டில் நடப்பாள், சமதரையில் ஓடுவாள். எங்கள் வீடு இருக்கும் சக்கராபுரத்தில் தொடங்கி கோட்டை மலைகளைச் சுற்றி, குரங்குகளுக்குப் பயந்து வாழைப்பழத்தை டீ ஷர்ட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, மறுபடி சக்கராபுரம். கடைத்தெருவில் எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று, பதில் சொல்வதைத் தவிர.

"இன்னா சார், பொண்ண போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடி பண்றீங்களா?"

"இல்லப்பா. சும்மா ஓடுது."

"சும்மாவா! பின்னால நீங்க வண்டியில தொரத்துறீங்க, முன்னால அது ஓடுது. பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

ஓடுவது பாதிதானாம், மீதிப் பாதி சாப்பிடுவதாம். அதுதான் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு ஓடாதே, வயிறு பிடித்துக்கொள்ளும் என்று பள்ளி மைதானத்தில் காலமெல்லாம் பிள்ளைகளை விரட்டியவன் நான். இவள் ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும் என்கிறாள். "காலுக்கு மட்டும் ட்ரெய்னிங் போதாது நைனா. வயித்துக்கும் குடுக்கணும். பத்து மணி நேரம் ஓடறப்போ அது வேணாம், எடுத்துனு போன்னும். அப்பவும் தள்ளணும்." ஜெல் என்று பசை மாதிரி ஒன்றை வரவழைத்தாள், அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு எங்கள் அடுப்படியே அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் ஆனது. நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கூழ் பாதி வழியில் வயிற்றைக் கலக்கியது. இட்லி தொண்டையில் அடைத்தது. மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை ருசியாக இருந்தாலும் மெல்லுவதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் தேறியவை மூன்று: வாழைப்பழம், அவித்துத் தோலுரித்த சின்ன உருளைக்கிழங்கு, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.

ஓடப் போகும்முன் எடை பார்ப்பாள், வந்தபின் எடை பார்ப்பாள். எவ்வளவு வியர்வை போனது என்று கணக்குப் பார்க்கவாம். ஒருமுறை வந்து ஏறியபோது முள் இரண்டு கிலோ கீழே நின்றது. அவள் அதைச் சாதாரணமாகப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் அந்த எடை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெண்ணிலிருந்து இரண்டு கிலோ எங்கேயோ சாலையில் சிந்திவிட்டது என்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. அடுத்த நீண்ட ஓட்டத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவிடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அடுத்த ஓட்டம்தான் பனமலை ஓட்டம். பந்தயத்துக்கு முந்தைய பெரிய ஒத்திகை. அறுபது கிலோமீட்டர். விடியுமுன் செஞ்சியில் கிளம்பி, அனந்தபுரம் வழியாகப் பனமலை ஏரிவரை போய், கரையைச் சுற்றித் திரும்பி வந்து, மிச்சத்தைக் கோட்டையைச் சுற்றி முடிப்பதாகத் திட்டம். நான் வண்டியில் முன்னால் போய் நிழல் பார்த்து நிற்க வேண்டும். அவள் வரும்போது கொடுக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஓட்டத்தில் அவள் எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்திருந்தாள். "அம்மா, இன்னா இது, கடல் தண்ணி மாதிரி இருக்குது." என் மனைவி அதை மனதில் வைத்துக்கொண்டாள். இந்த முறை பாட்டில்களில் உப்பே போடவில்லை. கிழங்கிலும் போடவில்லை. உப்பைத் தனியாக, தேதி கிழித்த காலண்டர் தாள்களில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக மடித்தாள். வேண்டிய அளவு அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று. மகள் சீக்கிரம் படுத்துவிட்டதால் இந்த ஏற்பாட்டைச் சொன்னது என்னிடம் மட்டும்தான். மறுநாள் சீயமங்கலத்தில் ஒரு காதுகுத்து. என் மனைவி முதல் பஸ்ஸுக்கே போக வேண்டும்.

பொட்டலங்களை என் பைக்குள் போடும்போது சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. ஆனா இன்னாங்க, உப்ப மட்டும் கைல குடுக்காதீங்க. கீழ வெச்சிடுங்க, அவ எடுத்துக்குவா."

"இதெல்லாம் இப்பவுமா?"

"உப்ப கைல குடுத்தா சண்ட வரும். இத்தினி நாள் பேசாம கெடந்து இப்பத்தான் பேசறீங்க. வாத்தியாருக்கு நம்பிக்கை இல்லன்னா பரவால்ல, எனக்கு இருக்குது."

எனக்கும் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டில் என் அம்மா காலத்திலும் உப்பைக் கீழே வைத்துத்தான் எடுத்திருக்கிறோம். பந்தியிலும் உப்பை இலையில்தான் வைப்பார்கள், கையில் அல்ல. நான் வகுப்பில் உப்பின் வேதிப்பெயரை எழுதிப்போட்டவன். வீட்டில் உப்பைக் கையில் கொடுத்ததில்லை. இரண்டும் என்னிடம் சண்டையில்லாமல்தான் இருந்துவந்தன.

பனமலைவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. விடிந்தபோது வயல்களின்மேல் லேசான பனி. அவள் ஒரு காதில் மட்டும் பாட்டு மாட்டிக்கொண்டு சீராக ஓடினாள். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாட்டிலைக் கையில் கொடுப்பேன். கிழங்கைக் கையில் கொடுப்பேன். உப்புப் பொட்டலத்தை மைல்கல்லின்மேலோ, வண்டி சீட்டின்மேலோ, மதகின்மேலோ வைத்து, "அதையும் எடுத்துக்கோ," என்பேன். அவள் தலையாட்டுவாள். குடிப்பாள். போய்விடுவாள். பொட்டலம் அங்கேயே இருக்கும். நான் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

ஏன் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. போன முறை உப்பு அதிகம் என்று சொன்னவள், இந்த முறை வேண்டாம் என்று விடுகிறாள் என்று நினைத்தேன். இனி எதையும் அவள்மேல் திணிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லியும் வைத்திருந்தேன். ஆனால் தண்ணீரைத் திணித்தேன். "இன்னும் ஒரு வாய். முழுசா முடி. எனக்காக." அவளும் எனக்காகக் குடித்தாள். பனமலை ஏரிக்கரையில் அவள் கைக்கடிகாரத்தின் பட்டை மணிக்கட்டில் அழுந்திச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். விரல்கள் கொழுகொழுவென்று இருந்தன. வெயிலில் உடம்பு இப்படித்தான் ஆகுமோ என்று பட்டையை ஒரு துளை தளர்த்திவிட்டேன். அங்கே ஒரு பெண்மணி வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கி, நம்மிடம்தான் உப்பு இருக்கிறதே என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தொட்டுத் தின்றுகொண்டே அவள் கரையைச் சுற்றி வருவதைப் பார்த்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் பத்து நாற்பது.

எக்ஸாம் என்றதும் என் சிரிப்பு நின்றது. "இன்னாம்மா, நான் யாருன்னு தெரியுதா?" என்றேன். அவள் யோசித்தாள். யோசிப்பது தெரிந்தது. "நீங்க... சயின்ஸ் சார்," என்றாள். சரியான பதில்தான். அதனால்தான் இன்னும் பயமாகிவிட்டது.

உட்காரவைத்தேன். வாந்தி எடுத்தாள். தண்ணீராகத்தான் வந்தது. உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போகிறதே என்று நான் இன்னொரு பாட்டிலைத் திறந்தேன். வழியில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு சின்னக் கூட்டம்.

"லோ பிரஷர் சார். சோடா குடுங்க."

"சோடா வேணாம், எளநி குடுங்க. வெயிலு."

"ஏரிக்கரைப் பக்கமா வந்துச்சா? தனியாவா? வயசுப் பொண்ணு. நெத்தியில துந்நூறு வைங்க மொதல்ல."

ஒருவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "பேச்சு கொழறுது. இன்னாவாச்சும் குடிச்சிருக்குதா?" என்றார். நான் அவரை அடிக்கப் போயிருப்பேன். ஆனால் அவள் தலை என் தோளில் இருந்தது. ஆமாம், குடித்திருக்கிறாள். நான்தான் கொடுத்தேன். அது அப்போது தெரியவில்லை.

மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டியானை வேன்காரர் வண்டியை ஓரங்கட்டினார். "அட்வைஸெல்லாம் அப்புறம் பண்ணலாம். பொண்ண ஏத்துங்க சார்," என்றார். என் வண்டியைச் சாவியோடு புளியமரத்தடியில் விட்டுவிட்டு, முன்சீட்டில் அவளை நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். செஞ்சிவரை அவளுக்குத் தண்ணீர் புகட்ட முயன்றுகொண்டே வந்தேன். அவள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். தலையைத் திருப்பினாள். குழந்தையாக இருந்தபோது மருந்துக்கு அப்படித்தான் செய்வாள். "எனக்காக ஒரு வாய்," என்று நான் கெஞ்சினேன். அந்தச் சாலை முழுவதும் நடந்ததில் அவள் உதட்டை மூடியது ஒன்றுதான் சரி. புத்தி தடுமாறிய அவளுடைய உடம்புக்குத் தெரிந்தது, தெளிவாக இருந்த எனக்குத் தெரியவில்லை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மனைவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. காதுகுத்து வீட்டில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கும்; அவள் போன் பைக்குள் கிடக்கும். மறுபடி அடித்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பினாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுக்கொண்டே அவள் விரல்களை அழுத்திப் பார்த்தார். பிறகு அவளைத் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் நிறுத்தச் சொன்னார். காலையில் வீட்டில் பார்த்த எடை எனக்கு மனப்பாடம். சொன்னேன். டாக்டர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலையில இருந்ததவிடக் கூட இருக்காங்க சார்."

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை. நான் நினைத்தது நடந்திருக்கிறது.

"இவ்ளோ நேரம் ஓடினா எடை கொஞ்சம் குறையணும். கூடக் கூடாது. தண்ணி ரொம்பக் குடிச்சிருக்காங்க. உப்பு ஏதாவது எடுத்தாங்களா?"

"வெச்சேன்," என்றேன்.

"எடுத்தாங்களா?"

நான் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சோடியம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று வந்தது. உடம்பில் தண்ணீர் கூடி, உப்பு நீர்த்துப்போய், மூளை லேசாக வீங்கியிருப்பதால்தான் இந்தக் குழப்பம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இனி ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டு அவர்களே பாட்டிலை மாட்டினார்கள்.

"தண்ணி வேணாம்னீங்களே?" என்று நான் அந்த பாட்டிலைக் காட்டினேன்.

"இது உப்பு அதிகமா இருக்கிற தண்ணி சார். இதைத்தான் குடுக்கணும். மெதுவாத்தான் ஏத்தணும். நீங்க உக்காருங்க. தேறிடுவாங்களான்னு இப்ப கேக்காதீங்க, கொஞ்ச நேரம் பாக்கலாம்."

உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்புக்கு வருடாவருடம் நான் செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. காய்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு வைப்போம். மறுநாள் அது உப்பித் திரண்டிருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும், ஏன் போகும் என்று கேள்வி கேட்பேன். முன் பெஞ்சில் உட்கார்ந்து என் மகளும் ஒரு வருடம் கையைத் தூக்கியிருக்கிறாள். கட்டிலில் கிடந்த அவள் விரல்களைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தேன்.

நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, "சார், நான் வெளிய போலாமா?" என்றாள். "போலாம்மா," என்றேன். வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். அவளுக்கு நான் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது. இனி எப்போதுமே 'சார்'தானோ என்று நினைத்தேன். அந்த மாதங்களில் அவள் என்னை நைனா என்று கூப்பிடாமல் இருந்தது வேறு. கூப்பிடத் தெரியாமல் போவது வேறு. அன்றைக்கு எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது அவள் புரண்டு படுத்தாள். கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நைனா."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வாட்ச்ச நிறுத்துனியா?"

எனக்குப் புரியவில்லை.

"ஓட்டம் நின்னப்ப வாட்ச்ச நிறுத்துனியா இல்லையா? அது இன்னும் ஓடினே இருக்கும். ஆவரேஜ் போச்சு, போ."

நான் அழுதேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அழவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அவ்வளவுதான்.

டாக்டர் வந்து பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். கிழமை மட்டும் எனக்கே தெரியவில்லை, அவள் சொன்னதும்தான் தெரிந்தது. மறுபடி ரத்தம் பார்த்ததில் உப்பு ஏறத் தொடங்கியிருந்தது. இரவு இங்கேயே இருக்கட்டும், சிறிது நேரம் கழித்து உப்புப் போட்டதாக ஏதாவது கொஞ்சம் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவ்ளோ உப்பு இருந்துச்சேம்மா," என்றேன். "ஒவ்வொரு எடத்துலயும் வெச்சேனே. ஏன் எடுக்கல?"

"எங்க வெச்ச?"

"கல்லு மேல. மதகு மேல. காலண்டர் தாள்ல மடிச்சது."

அவள் என்னையே பார்த்தாள். "அது எனக்கா?"

"பின்ன?"

"நைனா! அது உன் வெள்ளரிக்காய்க்குன்னு நெனச்சேன். ஏரிக்கரையில ஒக்காந்து தொட்டுத் தொட்டுத் தின்னியே. அதுக்கு முன்னாலயும், சரி, ஏதோ நொறுக்குத் தீனிக்குக் கட்டி எடுத்தாந்திருக்குது போலன்னு வுட்டுட்டேன். காதுல பாட்டு வேற, நீ எடுத்துக்கோன்னது பழத்தன்னு நெனச்சேன்."

"எலுமிச்சத் தண்ணியில உப்பு இல்லன்னு கூடவா தெரியல?"

"கடல் தண்ணின்னு கத்தினேன்ல. அதான் அம்மா கம்மி பண்ணிடுச்சு போலன்னு குடிச்சேன். நீதான் குடி குடின்னு உயிர எடுத்தியே." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் கைல குடுக்கல?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் தலை வலித்தது போலிருக்கிறது, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். "நம்ம சண்டைக்குப் பயந்தா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். பிறகு அவள் சிரிக்கவில்லை.

தவறு உப்பில் இருந்ததா, தண்ணீரில் இருந்ததா, வெள்ளரிப்பிஞ்சிலா, நாங்கள் பேசாமல் கிடந்த மாதங்களிலா? பிரித்துப் பார்க்க முயன்றுகொண்டே இருக்கிறேன். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. வீட்டில் எல்லோரும் நல்லதற்குத்தான் செய்தோம்.

என் மனைவி வந்தபோது வராந்தாவில் விளக்குப் போட்டிருந்தார்கள். கடைசியில்தான் போனைப் பார்த்திருக்கிறாள். பட்டுப்புடவை, தலையில் வாடிய மல்லிகை, கையில் தேங்காய் போட்ட தாம்பூலப் பை, இன்னொரு கையில் தூக்கு. வாசலிலேயே நின்று மகளைப் பார்த்தாள். மகள் "அம்மா, பஸ்ஸுல வந்தியா, யாராச்சும் கொண்டாந்து வுட்டாங்களா?" என்றதும்தான் உள்ளே வந்தாள். நெற்றியைத் தொட்டாள், காலைத் தொட்டாள், என் சட்டையில் இருந்த வாந்திக் கறையைப் பார்த்தாள். மகள்தான் மதகு, பொட்டலம், வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் ஒரு கதை மாதிரி சொன்னாள். என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். மனைவி கேட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தாம்பூலப் பையை மடியிலிருந்து கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"டாக்டர் சாப்டச் சொன்னாங்க," என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

தூக்கில் காதுகுத்து வீட்டுத் தயிர்சாதம் இருந்தது. மகள் ஒரு கவளம் வாயில் வைத்து, "அய்ய, இதுலயும் உப்பு இல்ல," என்றாள்.

என் பை காலடியில்தான் இருந்தது. பொட்டலங்கள் அதற்குள்தான் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். எடுத்து, கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலின்மேல் வைத்தேன். வைத்தபிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

மகள் அந்தப் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மனைவி ஸ்டூலிலிருந்து அதை எடுத்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தி, என் விரல்களை அவளே மூடினாள்.

"அவ கைல குடுங்க," என்றாள். "சண்ட வந்தா வரட்டும். போஸ்ட் ஆபீச இன்னும் மூடல."